கேபிளைப் பிடுங்கினால் போதும் என்றிருந்த காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அதிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், நம் நடுத்தர வீடுகளுக்குள் இணையம் ஒரு கம்பி வழியாகத்தான் வந்தது. முதலில் டெலிபோன் கம்பி, பிறகு லேன் கேபிள். கம்பி எங்கே முடிகிறதோ அங்கேதான் கணினி; கணினி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளை. இணையத்துக்கு வீட்டுக்குள் ஓர் இடம் இருந்தது.

அந்த இடம் பெரும்பாலும் ஹால். பிள்ளையைக் கண்காணிக்க வசதி என்று யாரும் யோசித்து அங்கே வைக்கவில்லை. டெலிபோன் ஹாலில் இருந்தது. மோடத்தின் வயர் அதைத் தாண்டி எட்டவில்லை. சமையலறைக்குப் போகிறவர், வாசலுக்கு வருகிறவர், டிவி பார்க்கிறவர் என எல்லோர் கண்ணிலும் திரை பட்டது. நெட்டில் இருக்கும்போது போன் வேலை செய்யாது. ஊரிலிருந்து பாட்டி கூப்பிட்டால் ‘எங்கேஜ்டு’ சத்தம்தான் கேட்கும். இணையத்துக்குக் கட்டிய பணம் தனி, அந்த நேரத்துக்கு ஓடிய டெலிபோன் மீட்டர் தனி. “போதும், கட் பண்ணு” என்று அப்பா சொல்வதற்கு அரை மணி நேரத்துக்குள் மூன்று காரணங்கள் சேர்ந்துவிடும். அவற்றில் எதுவும் பிள்ளையின் நலனைப் பற்றியது அல்ல. ஆனாலும் பிள்ளையைக் காத்தவை அவைதான்.

வேகமும் ஒரு காவல். 56 கேபிபிஎஸ் மோடத்தில் 5 எம்பி அளவுள்ள ஒரு பாட்டை இறக்க, லைன் நன்றாக இருந்தாலே 12 நிமிடம் ஆகும். வீடியோ என்ற பேச்சுக்கே இடமில்லை. இணையத்தில் என்ன பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு உட்கார்ந்த காலம் அது. சிலர் தாளில் குறித்து வைத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குபவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்த ஹாலும் கணினியும் டெலிபோனும் எத்தனை வீடுகளில் இருந்தன? பெரும்பாலான பிள்ளைகள் இணையத்தை முதலில் பார்த்தது தெருமுனை பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே, மணிக்கு 20, 30 ரூபாய் கொடுத்து. அங்கே அப்பாவும் இல்லை, பாட்டியும் இல்லை. வீட்டுக் கம்பி தந்த பாதுகாப்பு, கம்பி வாங்க முடிந்தவர்களின் பாதுகாப்பு.

2004-இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் வேகத்தையே ‘பிராட்பேண்ட்’ என்று வரையறுத்தது. மறு ஆண்டு ஜனவரியில் பிஎஸ்என்எல் தன் சேவையைத் தொடங்கியது. போனும் நெட்டும் ஒரே நேரத்தில் ஓடின. பாட்டியின் காவல் போயிற்று. ஆனால் அளவு இருந்தது. சில திட்டங்களில் மாதத்துக்கு 1 ஜிபி. தாண்டினால் பில் எகிறும். சில திட்டங்களில் மட்டும் இரவு 2 மணி முதல் காலை 8 வரை கணக்கில்லை. அந்த ஆறு மணி நேரம் முழுவதும் 256 கேபிபிஎஸ்ஸில் ஓடவிட்டால் ஏறக்குறைய 700 எம்பி இறங்கும், அதாவது சிடி அளவுள்ள ஒரு படம். கல்லூரிப் பிள்ளைகள் அலாரம் வைத்து எழுந்தார்கள். இருட்டில் மினுக்கும் மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் பெற்றோர் விஷயத்தை அறிந்தார்கள். அதே 700 எம்பிக்கு, மாதம் 449 ரூபாய்க்கு பிஎஸ்என்எல் தந்த 30 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டத்தில் மூன்று நிமிடம்தான் ஆகும்.

பெரியவனுக்கு இன்னொரு சிஸ்டம் வந்தபோதுதான் வீட்டுக்குள் உண்மையில் ஒரு வலையமைப்பு உருவானது. மோடத்தின் பின்னால் நான்கு துளை உள்ள ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து சுவரோரமாகக் கிளிப் அடித்து உள்ளறைக்கு ஓடிய நீல நிற கேபிள். கட்டுப்பாடு என்பது இங்கே கைவேலை. எந்தக் கேபிள் யாருடையது என்று தெரியும். பரீட்சை வந்தால் அதைப் பிடுங்கினால் போதும். கேபிளைச் சுருட்டி ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டு போன அப்பாக்கள் உண்டு. மோடத்தையே பீரோவில் வைத்துப் பூட்டிய அம்மாக்கள் உண்டு. சுழலும் டயலின் துளையில் சிறு பூட்டு மாட்டி, பிறகு எஸ்டிடிக்கு ரகசிய எண் போட்டு, டெலிபோனைக் காத்த தலைமுறைக்கு இது புதிதல்ல. பிள்ளைகள் கடையில் இன்னொரு கேபிள் வாங்கிக்கொண்டார்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்த பெற்றோர் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்தார்கள். கணினியில் உள்ள ஒவ்வொரு லேன் கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு மேக் முகவரி உண்டு. பிள்ளையின் சிஸ்டத்துக்குரியதைப் பட்டியலில் சேர்த்து, இரவு 9 மணிக்கு மேல் இணைப்பு கிடையாது என்று நேரம் குறித்துவிட்டால் ரவுட்டர் அதை ஒழுங்காகச் செய்தது. கணினியின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவைத்தும் பயனில்லை. ரவுட்டருக்குத் தன் கடிகாரம் இருந்தது.

பிள்ளைகளும் கற்றார்கள். லேன் கார்டின் செட்டிங்கில் மேக் முகவரியை மாற்றி எழுதலாம் என்று கண்டுபிடித்தார்கள். ரவுட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியால் குத்தினால் எல்லாத் தடையும் அழிந்துவிடும் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். ஆனால் தடையோடு பிராட்பேண்டின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்தன. வீடு முழுக்க நெட் நின்றது. மாலையில் அப்பா வந்ததும் குட்டு வெளிப்பட்டது. எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு: மீறலுக்கு ஒரு தடயம் இருந்தது. தடயம் இருந்ததால் பேச்சு நடந்தது. அன்றைக்கு இப்படி ரவுட்டரைக் குடைந்த பிள்ளைகளில் சிலர் பின்னாளில் நெட்வொர்க்கையே தொழிலாகக் கொண்டார்கள்.

உள்ளடக்கத்தை வடிகட்டும் முறையும் தலைகீழாக மாறிவிட்டது. 1990-களின் நடுவில் வந்த நெட் நானி போன்ற மென்பொருள்கள் தடைசெய்ய வேண்டிய சொற்களின் பட்டியலைக் கொண்டு வேலை செய்தன. அந்த முறையில் மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவக் கட்டுரையும் ஆபாசப் படமும் ஒரே தட்டில் விழுந்தன. தெரிந்துகொள்ள வேண்டியதையும் பெண்பிள்ளைகளிடமிருந்து அவை மறைத்தன. அன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் இல்லாமல் இயங்கியதால், எந்தப் பக்கம் திறக்கப்படுகிறது என்பதை வழியில் உள்ள கருவி படித்துவிடும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறையாக்கத்தோடு வருகின்றன. வங்கிக் கணக்கைக் காப்பது அதுதான். அந்த லாபம் பெரிது. ஆனால் வீட்டு ரவுட்டருக்கு இப்போது தெரிவது பெரும்பாலும் தளத்தின் பெயர் மட்டுமே. யூடியூப் என்று தெரியும். அங்கே ஓடுவது பத்தாம் வகுப்பு இயற்பியலா, விடியும்வரை உருட்டிக்கொண்டே போகும் குறுங்காணொளிகளா என்று தெரியாது. ஒன்று முழுக்கத் திறக்க வேண்டும், இல்லையேல் முழுக்க மூட வேண்டும்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது முழுக்கத் திறந்தோம். வகுப்பு ஒரு செயலியில், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில், விளக்கம் யூடியூபில். அதுவரை ‘நெட்டை நிறுத்து’ என்று சொன்ன வாய்கள் ‘நெட்டில் உட்கார்’ என்று சொல்ல நேர்ந்தது. பள்ளிகள் திரும்பத் திறந்தன. வாட்ஸ்அப் குழுக்கள் மூடப்படவில்லை.

தளங்களின் பெயரைக் கொண்டு தடுப்பதற்கு இன்றும் ஓர் எளிய வழி உண்டு. பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையையே குழந்தைகளுக்கு ஏற்றதாக மாற்றிவிடுவது. ஓப்பன்டிஎன்எஸ்ஸின் ஃபேமிலிஷீல்டு, கிளவுட்ஃபிளேர் 2020 ஏப்ரலில் தொடங்கிய 1.1.1.3 ஆகியவை ஆபாசத் தளங்களை இலவசமாகத் தடுக்கின்றன. ரவுட்டரில் ஒரு முறை எழுதினால் கேபிளில் உள்ள சிஸ்டமும் வைஃபையில் உள்ள கைபேசிகளும் அதற்குள் வந்துவிடும். சிறு பிள்ளை உள்ள வீடுகளில் இதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை. ஆயினும் டிஎன்எஸ் கேள்வியையே மறையாக்கி அனுப்பும் முறைக்கு 2018-இல் தரவரையறை வந்துவிட்டது. பிரவுசரின் செட்டிங்கில் அதை இயக்கினால் ரவுட்டரின் ஏற்பாட்டைக் கடந்துபோகலாம். விபிஎன் செயலி ஒன்று போட்டால் அதுவும் தேவையில்லை. பன்னிரண்டு வயதில் இது தெரியாத பிள்ளைக்குப் பதின்மூன்றில் வகுப்புத் தோழன் சொல்லித் தருவான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நேர்ந்தது. மாதத்துக்கு 1 ஜிபி என்று எண்ணிய வீடுகளில் நாளுக்கு 1.5, 2 ஜிபி என்ற கணக்கு வழக்கமானது. வீட்டுக் கம்பியில் எத்தனை தடை போட்டாலும், கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் அதே சிஸ்டத்துக்கு வேறு வழியாக நெட் வந்துவிடும். கேபிள்காரர் பொருத்திவிட்டுப் போன ஃபைபர் பெட்டியில் லேன் துளைகள் இன்னும் இருக்கின்றன. பல வீடுகளில் அவை காலியாகவே கிடக்கின்றன. அதன் உள்பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டு பல இடங்களில் வீட்டுக்காரரிடம் இல்லை. கைபேசிகளோ இப்போது மேக் முகவரியைச் சீரற்ற முறையில் அமைத்துக்கொள்கின்றன. ஒரு பொத்தானைத் தட்டினால் பட்டியலில் இல்லாத புதிய முகவரி. காவல் மெல்ல மெல்ல ரவுட்டரைவிட்டு கருவிக்குப் போய்விட்டது. 2017-இல் வந்த கூகுளின் ஃபேமிலி லிங்க், 2018-இல் ஆப்பிள் தந்த ஸ்கிரீன் டைம் ஆகியவை அந்த வகை.

இழந்தது என்ன என்று கேட்டால், வேகக் குறைவையோ கட்டணத்தையோ நான் சொல்ல மாட்டேன். அவை போனதால் தூத்துக்குடியில் ஒரு மீனவர் வீட்டுப் பெண் ஐஐடி பேராசிரியரின் பாடத்தை என்பிடெல் இணையதளத்தில் காசில்லாமல் கேட்க முடிகிறது. இழந்தது அந்த ஹாலை. பிள்ளைக்கு முன்னால் விரும்பத்தகாத ஒன்று திடீரென்று வந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். “இது என்ன?” என்று கேட்கத் திரும்பினால் ஒரு முகம் இருந்தது. இன்று அதே அதிர்ச்சி போர்வைக்குள் தனியாக நிகழ்கிறது.

சட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. இவை தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் இரவு 11 மணிக்கு நம் வீட்டில் நடப்பதை எந்தச் சட்டமும் பார்க்கப் போவதில்லை.

பள்ளிப் பிள்ளைக்குக் கணினி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அதை ஹாலிலேயே வையுங்கள்; காலியாகக் கிடக்கும் அந்த லேன் துளையிலிருந்து ஒரு கேபிள் இழுத்துக் கொடுங்கள். வீட்டுப்பாடத்துக்கு அதுவே வேகமானது, அறுந்துபோகாதது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு உருவாக்கி, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தடுத்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு நெட் நிற்கும், ஏன் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ரகசியமாகப் பின்தொடர வேண்டாம். தவறாக ஏதாவது கண்ணில் பட்டால் திட்டாமல் கேட்டுக்கொள்வேன் என்றும் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ரவுட்டரின் நேரப் பட்டியலில் பிள்ளையின் சிஸ்டத்துக்குக் கீழே இன்னும் பல வரிகள் காலியாக இருக்கும். உங்கள் கைபேசியையும் அதே நேரத்துக்கு அங்கே சேர்த்துவிடுங்கள்.