கசடு நீங்கிய பின்னரே கிருமிநாசினி

நாகப்பட்டினம், வேதாரண்யம் முதலிய கடலோர ஊர்களில் இறால் வளர்த்து ஜீவனம் செய்வோரை நஷ்டத்தில் ஆழ்த்தும் வியாதிகளுள், உவர்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ என்னும் பாக்டீரியா இனத்தால் விளைவன பிரதானமானவை. 2009-ஆம் ஆண்டையொட்டிச் சீனாவில் தலைகாட்டி, பின்னர் வியட்நாம், தாய்லாந்து தேசங்களின் பண்ணைகளையும் பாழாக்கிய இளம் இறால் சாவுக்கு அவ்வினத்துக் கிருமியே காரணமென்பதை, 2013-இல் அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் லைட்னர் குழுவினர் நிரூபித்தனர். இக்கிருமி நீரில் மாத்திரமன்றி, தொட்டிச் சுவரிலும் குழாயின் உட்புறத்திலும் வழும்பாகப் படிந்திருந்து அடுத்த வளர்ப்பையும் பற்றக்கூடியது.

பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டால் போதுமென்று பலர் நம்புகிறார்கள். சேறும் தீவன மிச்சமும் மண்டிய இடத்தில் குளோரின் அவற்றோடு வினைபுரிந்து, கிருமியை எட்டுமுன்னரே வீரியம் இழந்துவிடுகிறது. ஆகையால் அறுவடையானதும் குளத்தை வடித்து, அடிக்கசடை அகற்றி, தரை வெடிப்பு விடும்வரை வெயிலில் காயவிடுவதும், தொட்டியையும் வலையையும் வழும்பு போகத் தேய்த்துக் கழுவுவதுமே முதற்காரியம். காரத்தன்மை மிகுந்த நீரில் குளோரினின் சக்தி குன்றிவிடுமாதலால், சுண்ணாம்பையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து இடுவது வீண் செலவே. ஈரம் பட்ட பழைய மூட்டையிலும் சக்தி இராது. அத்தகைய சரக்கை விற்றால், சுயதொழிலால் பிழைப்பவர் ரசீதுடன் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட உரிமையுண்டு.

பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்தால் உயிரைக் குடிக்கும் விஷவாயு எழும். கூலிக்கு வந்தவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுப்பது பண்ணை உடையவரின் கடமை. கேட்டுப் பெறுவதில் தொழிலாளர் கூச்சப்பட வேண்டுவதில்லை. குளோரின் நீங்காத நீரை வாய்க்காலில் திறந்துவிடுதல் அண்டை அயலாரின் மீனையும் கொல்லும் அநியாயம். அவ்வாறு நேர்ந்தால், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னையில் இயங்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்து மூலம் புகார் செய்யலாம்.

கிருமிக்கு அஞ்சிக் கண்ட மருந்தை நாடுவதும் தவறு; குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்ற தடைசெய்யப்பட்ட மருந்துகளின் சுவடு இறாலில் தென்பட்டாலே ஏற்றுமதிச் சரக்கு திருப்பியனுப்பப்படும். குஞ்சு விடுமுன் நீரில் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பாருங்கள்; இறால் சோர்ந்து கரையோரம் ஒதுங்கினால், கடைக்காரர் நீட்டும் மருந்தை வாங்காமல், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ நாகப்பட்டினத்து மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ மாதிரியைத் தாமதமின்றிக் கொண்டுசெல்லுங்கள்.