கடல் கடந்து வரும் குட்டி ரயில்

மௌலா அலிக்கு நம்மவர் பலரைக் கொண்டு வந்து சேர்த்தது ரயில்வே உத்தியோகம்தான். டீசல் ஷெட், பயிற்சி நிலையம் என்று காலமெல்லாம் எஞ்சின் சத்தத்தில் கழித்தவர்களுக்கு, ஓய்வு பெற்றதும் மாதிரி ரயில் சேர்க்கும் ஆசை பிறப்பதில் வியப்பில்லை. பேரப் பிள்ளைகள் ஒரு சாக்கு, அவ்வளவே! ஆனால் நல்ல மாதிரிகள் ஜெர்மனியின் மார்க்லின், இங்கிலாந்தின் ஹார்ன்பி, ஜப்பானின் காட்டோ போன்ற நிறுவனங்களிடமிருந்து வருபவை. இங்கே கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அங்குள்ள கடைக்காரருக்குப் பணம் அனுப்பியே வரவழைக்க வேண்டும்.

வாங்குமுன் அளவைப் பாருங்கள். எச்.ஓ. என்ற 1:87 அளவுக்குத் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்குச் சரி. நம் அகலப் பாதையோ 1676 மி.மீ.; அதே கணக்கில் 19 மி.மீ.க்குச் சற்று மேலே வரவேண்டும். எனவே நம் ஊர் எஞ்சினை 16.5-ல் ஓட்டினால், ஷெட்டில் வேலை பார்த்தவர் கண்ணுக்கு அது ஒல்லிக் காலோடு நிற்பதாகவே தோன்றும். மின்சாரமும் முக்கியம். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வரும் டிரான்ஸ்பார்மரை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் மிஞ்சும்.

இனி பணம். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் இருந்த காலத்தில், பத்து டாலருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மாமாவோ மச்சானோதான் கதி. ஹாம் வானொலி அன்பர்களும் தபால்தலை சேர்ப்போரும் பதில் தபால் செலவுக்கு, 1906-ல் ரோம் அஞ்சல் மாநாட்டில் பிறந்த சர்வதேசப் பதில் கூப்பனை நம்பியிருந்தார்கள். 2000 ஜூனில் ஃபெமா சட்டம் நடைமுறைக்கு வந்த பின் நிலைமை இளகியது.

இன்று எளிய வழி வங்கிக் கார்டு. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு உத்தரவுப்படி, புதிதாகத் தரப்படும் கார்டு உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகத்தை நீங்களே திறந்து, உச்சவரம்பும் வைக்க வேண்டும். வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். ஏனெனில் பல வெளிநாட்டுக் கடைகளில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் போய்விடும். நாணய மாற்றுக்கென்று வங்கி பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் பிடிக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான சேவையை நிறுத்தினாலும், வெளிநாட்டுக் கடைக்குக் கட்ட உதவுகிறது. பொருள் வராவிட்டால் 180 நாட்களுக்குள் புகார் செய்யலாம். ஆனால் விற்பவர், "நண்பருக்கு அனுப்புவதாகப் போடுங்கள், கட்டணம் மிச்சம்" என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த வகைக்குப் பாதுகாப்பு கிடையாது. தனி நபரிடம் பழைய எஞ்சின் வாங்கும்போது பணம் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெஸ்டர்ன் யூனியனில் அனுப்பச் சொன்னாலும் வழியில்லை. பணப் பரிமாற்றத் திட்டப்படி அது இந்தியாவுக்குள் பணம் வருவதற்கு மட்டுமே. உறையில் டாலர் நோட்டை வைத்து அனுப்புவதோ சட்டத்துக்குப் புறம்பு.

ஒரு லாபமும் உண்டு. இங்கிலாந்தில் 20, ஜெர்மனியில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி விலையிலேயே அடங்கியிருக்கும். ஏற்றுமதிக்கு அதைக் கழித்துத் தரும் கடைகள் உண்டு. அப்படியானால் 120 பவுன் எஞ்சின் 100 பவுன்தான். கேட்டால்தான் சில கடைகளில் கழிப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

மிச்சம் பிடித்ததைச் சுங்கம் வாங்கிக்கொள்ளும்! சுங்கப் பட்டியலில் மாதிரி ரயில் பொம்மைகளோடு 9503 என்ற தலைப்பில் இருக்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படை வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு விகிதம் வேறுபடலாம். ஆகவே அன்றைய விகிதத்தையும், முத்திரை விஷயத்தையும் கூரியர் நிறுவனத்திடம் முன்கூட்டியே விசாரியுங்கள். எந்த விகிதமானாலும் பொருளின் விலையோடு தபால் செலவையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்தே வரி. ஆதார் அல்லது பான் கார்டு நகலும் கேட்பார்கள்.

"அன்பளிப்பு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடட்டுமா?" என்று விற்பவர் அன்போடு கேட்பார். 2019 டிசம்பர் முதல், உயிர் காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர எதையும் அன்பளிப்பாகத் தபாலில் இறக்குமதி செய்யத் தடை. விலையைக் குறைத்துக் காட்டுவதும் குற்றம். அதோடு, வழியில் பார்சல் தொலைந்தால் 100 பவுன் எஞ்சினுக்கு, எழுதிய 10 பவுன்தான் நஷ்டஈடாகக் கிடைக்கும். உண்மை விலையோடு கூடிய ரசீதைப் பெட்டியின் வெளியே ஒட்டச் சொல்லுங்கள். இன்னொரு பிரதியை மின்னஞ்சலில் வாங்கி, பெட்டி கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.