பற்றாக்குறைக்கு ஒரு கணக்கு



ஆற்று நீருக்காக மாநிலங்கள் சண்டை போடுவது மனசு இல்லாததாலா, கணக்கு இல்லாததாலா? இதுதான் தலைப்பு. கொடுக்கிற மனசு இல்லை என்று எதிரணி அம்மா உருக்கமாகப் பேசினார்கள். நீங்க கைதட்டினீங்க, நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனா நான் வில்லாபுரத்துக்காரன். எங்க பகுதிக்குக் குடிதண்ணீர் வேணும்னு போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி, 1997 ஏப்ரல் 23ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணி விஷயத்திலே மனசை மட்டும் நம்ப எங்களால் முடியாதுங்க.

காவிரியை எடுத்துக்குவோம். 2024 ஜூலை. தினம் ஒரு டி.எம்.சி. விடுங்கள் என்றது ஒழுங்காற்றுக் குழு. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி; ஒரு நாள் முழுக்க விநாடிக்குச் சுமார் 11,500 கன அடி ஓட வேண்டும். எட்டாயிரம்தான் முடியும் என்றது கர்நாடகம். அறிக்கை பறந்தது, கூட்டம் நடந்தது. அதே மாதம் 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடி தொட்டு நிரம்பி வழிந்தது! யாருக்கு மனசு மாறிச்சு? வானத்துக்கு! (கைதட்டல்)

நிரம்பின வருஷத்தில் சண்டையே இல்லை. குறைஞ்ச வருஷத்துக்கு என்ன எழுதி வச்சிருக்கோம்? நடுவர் மன்றம் 2007இல் ஆற்றின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டுத் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் நம்ம பங்கில் 14.75ஐக் கழித்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அந்த 740 எப்படி வந்தது தெரியுமா? இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் கிடைக்கும் என்கிற கணக்கு அது. அப்போ இன்னொரு வருஷம் குறையும்னு தெரிஞ்சேதான் பிரிச்சிருக்கோம். ஆனா குறைஞ்சால் என்ன செய்யணும்? "விகிதப்படி குறைத்துக்கொள்க" என்று ஒரே வரி!

சிக்கல் அங்கேதான். கர்நாடகத்துக்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. பருவம் முடியட்டும், எவ்வளவு குறைச்சல்னு பார்ப்போம் என்கிறார்கள். தஞ்சாவூர்க் குறுவை காத்திருக்குமா? ஜூன் 12 மேட்டூர் திறக்கணும், நாற்று நிக்குது. ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. பாதிப் பருவத்தில் எந்த அணையை, எந்த மழையைப் பார்த்து விகிதம் போடுறதுன்னு எழுதலை. 2023இல் பெங்களூரில் கடையடைப்பு வரை போனது இதனாலே.

எங்க வைகையில் பாருங்க. அணைத் தண்ணீரில் ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. அளவு சொல்லலை, விகிதம் சொன்னாங்க. வந்தது பத்துன்னாலும் நூறுன்னாலும் அதே 7:3:2. ராமநாதபுரத்துக்காரரைக் கேட்டால், "எங்க பங்கு முழுசா எங்கே வந்துச்சு?" என்று சண்டைக்கு வருவார். வரட்டும்! எத்தனை பங்கு கேட்கணும்னு அவருக்குத் தெரியுதுல்ல? அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை 1922இல் மழை நல்லாப் பெய்த வருஷங்களை வச்சு அளவு போட்டுப் பிரிச்சாங்க. அவ்வளவு தண்ணி வராம இன்னிக்கும் திண்டாட்டம். மேல்பகுதி மாநிலங்கள் 1948இல் தங்களுக்குள் பிரிச்சபோது சதவீதத்துக்கு வந்துட்டாங்க.

வெள்ளத்துக்கும் கணக்கு வேணும். நம்ம வைகைக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு இருக்கே, அங்கே 2021 டிசம்பரில் நள்ளிரவில் மதகைத் திறந்துட்டாங்கன்னு கேரளம் புகார் சொன்னது. கீழே படுத்திருக்கிறவனுக்குப் பயம் இருக்காதா? இருக்கும். ஆனா அங்கே அக்டோபர் கடைசியில் 138 அடி, நவம்பர் கடைசியில் 142 அடி என்று தேதிவாரியா ஒரு அட்டவணை அதே வருஷம் வந்திருந்தது. அதனால் "எப்போ திறந்தே, ஏன் முன்னாடி சொல்லலே" என்று அளவா கேட்க முடிஞ்சது.

காவிரிக்கும் அப்படி ஒரு தாள் வேணும். ஜூன் முடிவில் அணைகளில் இவ்வளவு இருந்தால் இவ்வளவு, ஜூலை முடிவில் இவ்வளவுன்னா இவ்வளவு. நடுவர் மணியில் கை வைக்கிறார். (சிரிப்பு) கணக்குப் பக்கமே தீர்ப்புச் சொல்லுங்கய்யா என்று கேட்டு உட்கார்ந்துடறேன்.