ஒரு ஃபிளாகுக்கு ஒரே பொருள்

2012 ஆகஸ்ட் 1 அன்று, நியூயார்க் பங்குச் சந்தை திறந்து 45 நிமிடங்களுக்குள் நைட் கேப்பிடல் என்ற தரகு நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அந்நிறுவனத்தின் கணினி வெறும் 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 40 லட்சத்துக்கும் அதிகமான வர்த்தகங்களைச் செய்து தள்ளியது. காரணங்களில் ஒன்று, புரோகிராமில் இருந்த ஒரு ஃபிளாக். ‘இந்த வேலையைச் செய், செய்யாதே’ என்று புரோகிராமுக்குச் சொல்லும் சிறு குறியீடு அது. 2003-லேயே கைவிடப்பட்ட ‘பவர் பெக்’ என்ற வசதியை இயக்க வைத்திருந்த ஃபிளாகையே புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டார்கள். பழைய கோடு (புரோகிராம் வரிகள்) நீக்கப்படவில்லை. எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோடு போய்ச் சேரவில்லை. ஏழு சர்வர்களுக்குப் புதிய பொருள் தந்த ஃபிளாக், எட்டாவதில் செத்துக் கிடந்த பவர் பெக்கை எழுப்பிவிட்டது. ஒரு சர்வரை விட்டுவிட்டதும், அதை யாரும் சரிபார்க்காததும் குற்றமில்லையா என்றால், குற்றம்தான். ஆனால் ஃபிளாக் புதிதாக இருந்திருந்தால் எட்டாவது சர்வரில் பவர் பெக் எழுந்திருக்காது.

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றும் நம்பியிருக்கும் கோபால் (COBOL) என்ற கணினி மொழி புரோகிராம்களில், ஒரே குறியீட்டை இரு பொருளில் எடுத்துக்கொள்ளும் இந்த ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. ‘இஃப் ஸ்டேட்டஸ் = 3’ என்று ஒரு வரி. மூன்று என்றால் முடக்கப்பட்ட கணக்கா, மூடப்பட்ட கணக்கா? எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார். இதற்கு மருந்து கோபாலிலேயே இருக்கிறது. 88 என்ற நிலை எண்ணைப் போட்டு, 3 என்ற மதிப்புக்கு ‘கணக்கு-முடக்கம்’ என்பதுபோல ஒரு பெயர் வைக்கலாம். பிறகு ‘இஃப் கணக்கு-முடக்கம்’ என்றே அந்த வரியை எழுதலாம். இந்தப் பெயர் தனியாக நினைவக இடம் எதையும் பிடிக்காது. நாளை 4 என்ற மதிப்பும் முடக்கத்தைக் குறிக்கும் என்றால், பெயரை அறிவித்த இடத்தில் மட்டும் சேர்த்தால் போதும். ஆர்பிஜி என்ற கணினி மொழியின் பழைய வடிவங்களிலோ பெரும்பாலும் 01 முதல் 99 வரையான எண்கள்தான் குறியீடுகள். 45 எதைச் சொல்கிறது என்று அறிய புரோகிராம் முழுக்கத் தேட வேண்டும்.

ஓடுகிற புரோகிராமை ஏன் தொட வேண்டும் என்பார்கள். வரி விதியும் வட்டி விகிதமும் மாறும்போது எப்படியும் தொடத்தான் போகிறோம்; தொடும் பகுதிக்கு மட்டும் பெயர் வைத்து, சோதித்துவிட்டால் போதும். பக்கத்தில் குறிப்பு எழுதினால் போதாதா? புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் குறிப்புகளைப் படிப்பதில்லை. கோடு மாறிய பிறகும் பழைய குறிப்பு அப்படியே நின்று அடுத்தவரை ஏமாற்றும். இவற்றைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு: ஃபைலில் உள்ள ரெக்கார்டின் நீளம் நிலையானது, ஓர் எழுத்து கூட்டினாலும் அந்த ஃபைலைப் படிக்கும் எல்லா புரோகிராம்களையும் திருத்த வேண்டும், அதனால்தான் பழைய ஃபிளாகையே பயன்படுத்துகிறோம் என்பது. நியாயமான நெருக்கடிதான். ஆனாலும் பல ரெக்கார்டுகளில் ‘ஃபில்லர்’ என்று வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால், ஓர் எழுத்து இடத்திலேயே பல மதிப்புகளை வைக்க முடியும். இதுவரை பயன்படாத ஒன்றை எடுக்கலாம். அப்போதும் அந்த இடத்தைப் படிக்கும் புரோகிராம்கள் புது மதிப்பைக் கண்டால் என்ன செய்யும் என்று பார்த்தாக வேண்டும். பழைய மதிப்புக்குப் புதுப் பொருள் தருவது மட்டும் கூடாது.

பழைய புரோகிராம் உங்கள் கைக்கு வந்தால், ஒரு ஃபிளாகைத் திருத்துமுன் அது எங்கெல்லாம் சோதிக்கப்படுகிறது என்று தேடிப் பாருங்கள். பெயரில்லாத எண் கண்ணில் பட்டால், பெயர் வைத்த பிறகே அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.