மிளகும் மிளகாயும்

ஒரு நாட்டின் சரித்திரத்தைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடுவது அறிஞர் வழக்கம். அடுக்களையிலே தேடுவோர் சிலரே. ஆயினும், இலங்கையின் அடுக்களையில் அம்மியருகே கிடக்கும் செத்தல் மிளகாய் ஒன்றே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுக் கதையைச் சொல்ல வல்லது.

மிளகாய் இம்மண்ணுக்கு உரியதன்று. அதன் தாயகம் அமெரிக்கா. 1492ஆம் ஆண்டிலே கொலம்பஸ் கீழைத்தேசத்து மிளகையும் பிற வாசனைத் திரவியங்களையும் நாடிக் கடலேறினார்; கண்டது மிளகாயை. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் கப்பல்கள், அந்நூற்றாண்டிலே அதை இப்பகுதிக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன்னர் இங்கே கறிக்கு உறைப்பூட்டியவை மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே.

புதிய பொருளுக்குப் பழைய பெயரைச் சூட்டுதல் மக்கள் இயல்பு. தமிழர் அதை மிளகுபோல் உறைக்கும் காய் என்று மிளகாய் ஆக்கினர். சிங்களத்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மிளகுக்கு உரியதாயிருந்த 'மிரிஸ்' என்னும் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டது. மிளகோ 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ், என்று அடைமொழி பெற்று ஒதுங்கியது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனின் பெயரையே பறித்துக்கொண்ட கதை!

இவ்வெற்றிக்குக் காரணம் நாவின் சுவை மாத்திரமன்று. மிளகுக்கொடி மழைவளம் மிக்க ஈரநிலத்தை வேண்டுவது. வறண்ட யாழ்ப்பாணத்திலே அது காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு. மிளகாயோ கிணற்று நீரைத் துலாவால் இறைத்து ஊற்றினால் கோடிப்புறத்திலும் காய்க்கும். ஏழையின் கறிக்கும் உறைப்புக் கிடைத்தது.

எனினும் மிளகு அடியோடு தோற்றுவிடவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்குச் சரக்கு அரைத்துக் கறி காய்ச்சும்போது மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி என்பனவே அம்மியில் ஏறும்; மிளகாய்க்கு அங்கே இடமில்லை. தடிமன் பிடித்தவனுக்கு வைக்கும் இரசத்திலும் மிளகே முதன்மை பெறும். உடல்நலம் பேணவேண்டிய வேளையிலே அடுக்களை பழைய ஆட்சிக்குத் திரும்பிவிடுகின்றது.

அந்நிய நாட்டுச் செடி பின்னர் குடாநாட்டுக் கமக்காரனின் வாழ்வாகவே ஆயிற்று. 1970களின் முற்பகுதியில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறிற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும், விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய வன்னிக் குடியேற்றங்களிலும் மிளகாய் செழித்தது. ஓலைக்கூரை இருந்த வளவுகளிலே கல்வீடுகள் எழுந்தன. பாண் வாங்க வரிசையில் நின்ற நகரத்தாருக்கு அதே ஆண்டுகள் பஞ்சகாலமாகவே நினைவில் நிற்கின்றன என்பதையும் மறத்தலாகாது. 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது, விலை சரிந்தது. தொடர்ந்து வந்த போரிலே பல தோட்டங்கள் ஆளின்றிக் கிடந்தன.

இன்று இலங்கையர் இடிக்கும் செத்தல் மிளகாயிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது, மீண்டும் கப்பலேறியே.