குருதியிற் புகும் உலோக மருந்து

உலோகங்களை மருந்தாக்கும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்து மருத்துவ மரபின் பழமைக்குச் சான்று பகர்வன. சித்த வைத்தியர் இரும்பையும் இரசத்தையும் உள்ளவாறே கொடுப்பதில்லை. சுத்தி செய்து, புடமிட்டு, பற்பமாகவோ செந்தூரமாகவோ ஆக்கிய பின்னரே கொடுப்பர். உலோகம் எந்நிலையில் உடலுட் செல்கின்றது என்பதைப் பொறுத்தே பயனும் கேடும் அமையும் என்ற எண்ணம் அவ்வழக்கினுள் அடங்கியிருக்கின்றது. இதனை இக்கால இரசாயனவியல் எவ்வாறு விளக்குகின்றது என்பதைப் பிளாற்றினச் சேர்வை ஒன்றைக் கொண்டு நோக்குவாம்.

அச்சேர்வை சிஸ்பிளாற்றின் எனப்படும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பெய்ரோன் என்னும் இத்தாலியர் அதனை ஆக்கினார்; ஆயினும் அது மருந்தாகும் என எவரும் கருதிற்றிலர். 1965இல் அமெரிக்க அறிஞர் ரோசன்பேர்க் பற்றீரியாக்களிடையே மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, அவை பிரிந்து பெருகாது நீண்ட இழைகளாக வளர்ந்தன. காரணம் மின்சாரமன்று, பிளாற்றின மின்வாய்களிலிருந்து கரைந்த சேர்வைகளே. பெருகுதலைத் தடுப்பது புற்றையும் தடுக்குமன்றோ? ஆய்வுகள் தொடர்ந்தன, 1978இல் அமெரிக்கா அதனை மருந்தாக ஏற்றது.

இச்சேர்வையின் நடுவே ஒரு பிளாற்றின அணு உளது. அதனை ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நின்றாற்போல இரண்டு அமோனியா மூலக்கூறுகளும் இரண்டு குளோரைட்டுகளும் பற்றியுள்ளன. குளோரைட்டுகள் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் நிற்கும். அவை எதிரெதிர் மூலைகளில் நிற்குமாயின், அதே அணுக்களாலாகிய சேர்வையாயினும் நோய்க்கு உதவுவதில்லை.

உவர்நீரையும் நன்னீரையும் அருகருகே கண்டு பழகிய குடாநாட்டார்க்கு இம்மருந்தின் செயல் எளிதில் விளங்கும். குருதி உவர்நீர் போன்றது. அதில் இலீற்றருக்கு ஏறத்தாழ 100 மில்லிமூல் குளோரைட்டு உண்டு. சூழவுள்ள இக்குளோரைட்டு, பிளாற்றினத்தைப் பற்றியிருக்கும் குளோரைட்டை எளிதில் நீங்கவிடாது. கலத்தின் உட்பகுதியோ நன்னீர் போன்றது. அங்குக் குளோரைட்டு மிகக் குறைவு. மருந்து அங்குப் புகுந்ததும் குளோரைட்டு மெல்ல நீங்க, அவ்விடத்தை நீர் பற்றுகின்றது. சேர்வை நேரேற்றம் பெறுகின்றது, மறையேற்றமுடைய டீ.என்.ஏ. அதனைக் கவர்கின்றது. அங்கே அடுத்தடுத்துள்ள இரு குவானின்களின் நைதரசன் அணுக்களைப் பிளாற்றினம் பற்றிக்கொள்ள, டீ.என்.ஏ. வளைகின்றது. அதனைச் சீராக்க இயலாத கலம் பெருகாது மடிகின்றது.

எனினும் செலுத்திய மருந்து முழுவதும் அவ்விடத்தை அடைவதில்லை. பிளாற்றினம் கந்தகத்தை நாடும் இயல்பினது. ஆதலின் குருதியிலுள்ள அல்புமின் முதலிய புரதங்களின் கந்தகம் மருந்தின் பெரும்பகுதியைச் சில மணித்தியாலங்களிற் பிணித்துவிடும். கலத்தினுள்ளும் குளுத்தாதயோன் என்னும் கந்தகச் சேர்வை அதனை மறிக்கும்; சில புற்றுகள் மருந்துக்கு அடங்காமைக்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீரகக் கலங்களிலோ மருந்து மிகுதியாய்ச் சேர்ந்து ஊறு விளைக்கும். இதனாலேயே மருந்தைச் சேலைனிற் கலந்து கொடுப்பர். மேலும் சேலைன் ஏற்றிச் சிறுநீரைப் பெருக்குவர். அவ்வுப்பு மருந்தின் நிலை குலையாது காக்கும். பெருகும் நீர் சிறுநீரகத்தைக் காக்கும். குளோரைட்டுகளுக்குப் பதிலாக, இரு கைகளாலும் பற்றும் கரிம அமிலக் கூறொன்றை அமைத்தமையாற் பிறந்ததே காபோபிளாற்றின். அது மெதுவாகவே மாறுதலின் சிறுநீரகத்தை அத்துணை வருத்தாது. ஆனால் எலும்பு மச்சையைத் தாக்கும். உலோகம் ஒன்றே, பற்றியிருக்கும் துணை மாறக் குணமும் மாறுகின்றது.

இவ்வறிவு நம்மவர்க்கு ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுகளுள் வாய்ப்புற்று முதன்மையானது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய பொருளாலே தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. வாய், தொண்டைப் புற்றுகளுக்குக் கதிர்வீச்சோடு சேர்த்துச் சிஸ்பிளாற்றினைக் கொடுப்பது உலகெங்கும் உள்ள முறை. அதனைப் பெறுவோர், இரசம் சேர்ந்த செந்தூரம் எதனையேனும் உட்கொண்டு வருவராயின் வைத்தியரிடம் மறைத்தலாகாது. இரசமும் கந்தகத்தை நாடுவதே; அதுவும் சிறுநீரகத்திலேயே தங்குவது. ஏற்கெனவே பாரம் சுமக்கும் உறுப்பின்மீது மற்றொரு பாரத்தை அறியாது ஏற்றுதல் தகாது.

புகையிலை சேராத பாக்கும் புற்றை விளைவிக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி கூறியுள்ளது. மங்கலத்துக்கு அடையாளமான வெற்றிலைத் தட்டம் நம் மனைகளில் இருக்கலாம்; நாள்தோறும் வாயில் அடக்கும் பாக்கும் புகையிலையும் ஒழிதல் வேண்டும். பிளாற்றினம் சிறந்த மருந்தே. அதனை நாடவேண்டா நிலை அதனினுஞ் சிறந்தது.