இந்த மாதம் வீட்டு விலை ஏறிவிட்டதாம்!

சென்ற மாதம் ஒரு மாலை வேளை. எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்ட பெரியவர் ஒருவர், பத்திரிகைத் துண்டொன்றைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

“சார், கோலாலம்பூருல ஒரே மாசத்துல வீட்டு விலை எகிறிப் போச்சாமே! வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டலன்னா வீடு கை நழுவிடும்னு தரகர் சொல்றாரு. மவனுக்காகச் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டிடவா?”

ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அவருடைய அச்சம் நியாயமானதே. “உக்காருங்கண்ணே” என்று சொல்லி, கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

போன மாதம் பத்து வீடுகள் விற்றன என்று வைத்துக்கொள்வோம். எட்டு அடுக்குமாடி வீடுகள், ஒவ்வொன்றும் 2 லட்சம் வெள்ளி. இரண்டு மாடி வீடுகள், ஒவ்வொன்றும் 8 லட்சம். சராசரி விலை 3,20,000 வெள்ளி. இந்த மாதமும் பத்து வீடுகள்தாம். ஆனால் அடுக்குமாடி ஆறு, மாடி வீடு நான்கு. சராசரி 4,40,000 வெள்ளியாகிவிடும். எந்த வீட்டின் விலையும் ஒரு காசுகூட ஏறவில்லை. ஆனால், “விலை 37.5 விழுக்காடு உயர்வு” என்று எழுதிவிடலாம்!

இன்னொன்று. விளம்பரத்தில் வருவது விற்பவர் கேட்கும் விலை. பேரம் முடிந்து ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலை வேறாக இருக்கலாம். பெருநாள் விடுமுறைகள் வரும் மாதத்தில் விற்பனை மந்தமாகும். அடுத்த மாதம் கூடும். அதைக் கண்டு விலை சரிந்தது, ஏறியது என்று சொல்லிவிட முடியாது.

இதனால்தான் அரசாங்கத்தின் தேசிய சொத்துத் தகவல் மையம், மலேசிய வீட்டு விலைக் குறியீட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிடுகிறது. வீட்டின் வகை, அளவு, இடம் ஆகிய வேறுபாடுகளையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சென்ற ஆண்டு இதே காலாண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விலையின் போக்குப் புரியும்.

சரி, விலை உண்மையாகவே 1 விழுக்காடு ஏறினால் என்ன ஆகும்? 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 90 விழுக்காடு கடன், 4 விழுக்காடு வட்டி, 30 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 1,289 வெள்ளி கட்ட வேண்டும். விலை 1 விழுக்காடு ஏறினால் மாதத் தவணையில் 13 வெள்ளிதான் கூடும். ஆனால் வட்டி 4-லிருந்து 5 விழுக்காடானால் தவணை 1,449 வெள்ளி. அதாவது மாதம் 160 வெள்ளி கூடுதல்! நாம் அஞ்ச வேண்டியது எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஆகவே வாசகர்களே, பத்திரிகைத் தலைப்பைப் பார்த்து ஓடாதீர்கள். அதே தாமானில், அதே வகை வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரியுங்கள். வட்டி உயர்ந்தாலும் பிள்ளையின் சம்பளம் தாங்குமா என்று பாருங்கள். இரண்டு, மூன்று வங்கிகளில் கேளுங்கள். வீட்டை ஒருமுறை மழை நாளிலும் போய்ப் பாருங்கள்.

பெரியவர் அந்த வெள்ளிக்கிழமை பணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு, வேறு இரண்டு வீடுகளைப் பார்த்து வந்தார். முப்பது ஆண்டு வியர்வையில் சேர்ந்த பணம். அதற்கு இன்னும் சில வாரங்கள் காத்திருக்கும் பொறுமை உண்டு.